குளத்தைத் தாங்கி என்று எழுதுகிறவர்களுக்கு

வணக்கம்.

வன்னிக்கு வரும் படிவங்களையும் அறிவித்தல் பலகைகளையும் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கித் தருகிற எல்லோருக்கும் இந்த மடல். ஒரு அலுவலகத்தைக் குறி வைத்து எழுதவில்லை, இந்தப் பிழை எல்லா இடத்திலும் இருக்கிறது.

போன காலபோகத்துக்கு, அதுதான் மாரி விதைப்புக்கு, முன்னம் எங்கள் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்கு ஒரு திட்டப் படிவம் வந்தது. மூன்றாம் கேள்வி: "உங்கள் தாங்கியின் கொள்ளளவு எவ்வளவு?" எங்கள் பொருளாளர் எழும்பிப் போய், வீட்டுக்குப் பின்னால் நிற்கும் கறுப்புப் பிளாஸ்ரிக் தாங்கியைப் பார்த்துவிட்டு வந்து "ஆயிரம் லீற்றர்" என்று எழுதினார். அடுத்த கேள்வி, அந்தத் தாங்கியால் எத்தனை ஏக்கர் பாய்கிறது என்று. வீட்டில் இருப்பது நாலு கத்தரியும் ஒரு முருங்கையும். அப்போதுதான் விளங்கியது, அவர்கள் கேட்டது குளத்தை.

ஆங்கிலத்தில் டாங்க் என்றால் எல்லாம் அடங்கும். அந்தச் சொல்லே இந்தப் பக்கத்திலிருந்து போனதுதான். குஜராத்தியிலும் மராத்தியிலும் நீர்த்தேக்கத்துக்கு வழங்கிய சொல், போர்த்துக்கேயச் சொல்லின் சாயலும் சேர்ந்து ஆங்கிலத்துக்குள் போனது என்று அகராதிகள் சொல்கின்றன. பிறகு முதலாம் உலகப்போரில் பிரித்தானியர் ஒரு கவச வண்டியை இரகசியமாகச் செய்தபோது, வெளியில் தெரியாமல் இருக்கத் தண்ணீர்த் தாங்கி என்று சொல்லி வைத்தார்கள். 1916 செப்டெம்பரில் அது சொம் போர்க்களத்துக்கு வந்தது, பெயரும் ஒட்டிக்கொண்டது. நாங்கள் மூன்றையும் பிரித்தே வைத்திருக்கிறோம்: குளம், தாங்கி, டாங்கி. கிளிநொச்சியில் மூன்றையும் கண்டவர்கள் நாங்கள். இரணைமடுக் குளம் இருக்கிறது. போரில் சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியைப் பார்க்கத் தெற்கிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். டாங்கியைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

தாங்கிக்கு மூடி இருக்கும், குழாய் இருக்கும். குளத்துக்குக் கட்டு, தண்ணீர் திறந்துவிடும் துருசு, மிகுந்த தண்ணீர் வழியும் வான், தண்ணீர் ஏறி இறங்கும் அலைகரை. சிறுபோகத்துக்கு, அதாவது கோடை விதைப்புக்கு, முன்னம் கூடும் கூட்டத்தில் யாரும் கொள்ளளவு கேட்பதில்லை, "எத்தினை அடி நிக்குது?" என்றுதான் கேட்பார்கள். அந்த அடியை வைத்துத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பது, யாருடைய வயல் தரிசாகக் கிடப்பது என்று முடிவாகும்.

சிலர் இதை ஏரி என்று திருத்தித் தருகிறார்கள். தமிழ்நாட்டின் வடக்கே அது ஏரி, மதுரைப் பக்கம் கண்மாய், அங்கே அது சரி. மாங்குளத்தை மாவேரி ஆக்குவீர்களா? மன்னாரின் கட்டுக்கரைக்குளத்துக்கு ஆங்கிலத்தில் ஜயன்ட்ஸ் டாங்க் என்று பெயர், சிங்களத்தின் யோத வெவவை ஒட்டி. அதைப் பார்த்து யாராவது அரக்கன் தாங்கி என்று எழுதிவிடுவார்களோ என்று எனக்கு உள்ளூரப் பயம்.

இதுவரை சொன்னது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. அடுத்தது அப்படியில்லை.

ஆங்கில அறிக்கைகளில் 'அபாண்டன்ட் டாங்க்' (abandoned tank) என்று ஒரு வகை உண்டு. தமிழில் அது 'கைவிடப்பட்ட குளம்' என்று வருகிறது. அகராதிப்படி பிழையில்லை. ஆங்கிலத்தில் அது பாவிப்பில் இல்லாத குளம் என்ற அளவில் நின்றுவிடும். தமிழில் கைவிடுவது என்றால் பெற்ற தாயைக் கைவிடுவது, நம்பி வந்தவளைக் கைவிடுவது. கேட்டவுடன் "ஆர் கைவிட்டது?" என்றுதான் வாயில் வரும்.

காட்டுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் உடைந்து கிடக்கும் குளங்களைப் பற்றி நான் வழக்காட வரவில்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சிறுகுளத்தையும் அந்தப் பட்டியலில் போட்டிருந்தார்கள். 2008இல் போர் நெருங்கியபோது உழவு இயந்திரப் பெட்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு சனம் போனது. திரும்பி வந்தபோது கட்டு உடைத்திருந்தது, அலைகரை முழுக்கப் பற்றை. பட்டியலை வாசித்துக் காட்டியபோது ஒரு அம்மா எழும்பி நின்றா. "கைவிட்டதெண்டு ஆர் தம்பி எழுதினது? துருசுப் பலகையைப் போட்டிட்டுத்தானே வெளிக்கிட்டனாங்கள்."

வாசித்தவருக்குப் பதில் வரவில்லை. எனக்கும்தான்.

உடைப்பெடுத்த குளம் என்று எழுதுங்கள். மண் மேவியிருந்தால் தூர்ந்த குளம் என்று எழுதுங்கள். குளத்துக்கு என்ன நடந்தது என்று அந்தச் சொற்கள் சொல்கின்றன, ஊர்ச்சனத்தின் மேல் பழி போடவில்லை. சந்தேகமென்றால் குளக்கட்டில் மாடு சாய்த்துப் போகும் ஒருவரைக் கேளுங்கள், ஒரு நிமிடத்தில் சொல்லுவார்.

அப்புறம், அந்தப் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிட்டோம். மூன்றாம் கேள்வியில் தாங்கியை வெட்டிக் குளம் என்று எழுதியிருக்கிறோம். பொருளாளரின் ஆயிரம் லீற்றர் பேனையால் எழுதியது, அழிபடவில்லை. தயவுசெய்து அதைக் கணினியில் ஏற்றிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கமக்காரர் அமைப்புச் செயலாளர் ஒருவர்,
கிளிநொச்சி