குளியலறைக் குமிழில் ஒரு துளை

ஆசிரியர் அவர்களுக்கு,

திண்டுக்கல்லில் 31 ஆண்டுகளாகத் தச்சு வேலை பார்க்கிறேன். போன வாரம் இரவு 10 மணிக்கு ஒரு வீட்டிலிருந்து ஆள் வந்தது. 3 வயதுப் பேத்தி குளியலறைக்குள் பூட்டிக்கொண்டாளாம். நான் போவதற்குள் யாரோ கடப்பாரையால் நிலையில் ஒரு பக்கத்தைப் பெயர்த்துவிட்டார்கள். உள்ளே குழந்தை வீறிட்டு அழுகிறது.

வெளிக் குமிழைப் பார்த்தேன். நடுவில் சின்னத் துளை. பாட்டியின் கொண்டை ஊசியை வாங்கி நிமிர்த்தி, நேராக உள்ளே விட்டு அழுத்தினேன். 'டக்'கென்று விட்டது. குடிவந்து இரண்டு வருடமாகியும் அந்தத் துளை எதற்கென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. இத்தனைக்கும் பூட்டுக்குப் பேர்போன ஊர்!

ரவுண்டு லாக் என்கிற இந்தக் குமிழ்ப் பூட்டில் உள்ளே பொத்தானை அமுக்கினால் வெளிக் குமிழ் மட்டும் திரும்பாது. உள் குமிழைத் திருகினால் பொத்தான் தானே வெளியே வந்துவிடும். ஈரக் கையோடு இருக்கும் குழந்தைக்குத்தான் அது வழுக்கும். வெளித் துளையில் குத்தினாலும் அதே பொத்தான்தான் விடுபடுகிறது. சிலவற்றில் துளைக்குப் பதில் கோடு மாதிரி ஒரு வெட்டு இருக்கும். ஒரு நாணயத்தாலேயே திருப்பலாம். மானம் காக்கத்தான் இந்தப் பூட்டு, திருடனுக்கு இது ஒரு தடையே இல்லை.

கடையில் இதன் பக்கத்திலேயே சாவி போட்டதும் இருக்கும், பார்க்க இரட்டைப் பிள்ளை மாதிரி. அதைக் குளியலறையில் மாட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்தவர்கள் உண்டு. பொத்தான் வெளிப்பக்கம் வரும்படி திருப்பி மாட்டியதையும் பார்த்திருக்கிறேன். அது எங்கள் ஆட்கள் செய்த வேலைதான், மறைக்கவில்லை.

டவர் போல்ட் என்கிற நீளத் தாழ்ப்பாளை வெளியிலிருந்து திறக்க வழியே கிடையாது. சென்ற ஆண்டு வழுக்கி விழுந்த பெரியவர் ஒருவருக்காகக் கதவை அறுத்தேன். அவர் கதவில் சாய்ந்தே கிடந்தார். ரம்பம் மேலே பட்டுவிடுமோ என்று கை நடுங்கியது. அது உள்பக்கம் திறக்கும் கதவு. ரவுண்டு லாக்காக இருந்து திறந்திருந்தாலும் நகர்ந்திருக்காது. முதியவர் உள்ள வீட்டில் வெளிப்பக்கம் திறக்கும்படி வைக்கச் சொல்லுங்கள். மெல்லிய பிவிசி கதவில் ரவுண்டு லாக் சரியாக நிற்காது. அங்கே பெரியவர்கள் தாழ் போடாமல், கதவைச் சும்மா சாத்திவிட்டு ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

கொண்டை ஊசியை அந்த வீட்டு நிலையின் மேலேயே வைத்துவிட்டு வந்தேன். பெயர்ந்த பக்கத்தைச் சரிசெய்ய ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும்.

- தச்சுத் தொழிலாளி, திண்டுக்கல்