வீட்டில் ஒருவருக்கு ஹெபடைடிஸ் இருந்தால் குடும்பத்தையே அழைத்துப் பரிசோதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்
(பெயர், முகவரி இணைப்பில் உள்ளன)

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: ஹெபடைடிஸ் பி, சி தொற்று உள்ளவர்களின் குடும்பத்தாருக்குப் பரிசோதனை, தடுப்பூசி, தொடர் கண்காணிப்பு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா / அம்மா,

வணக்கம். என் தம்பி கல்லீரல் புற்றுநோயில் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. வயது 38. விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தான். குடியை ஒரு நாளும் தொட்டதில்லை. ஆனாலும் துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் "தண்ணி போடுவானா?" என்றுதான் கேட்டார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவனைக் கொண்டுபோனது ஹெபடைடிஸ் பி வைரஸ்.

ஒன்பது வருடத்துக்கு முன்பே அது தெரிந்திருந்தது. ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்தவனைத் திரும்ப வரச்சொல்லி, "ரத்தத்தில் கிருமி இருக்கிறது, இனிமேல் கொடுக்காதே" என்று அனுப்பிவிட்டார்கள். கையில் ஒரு சீட்டு. 'ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி பாசிட்டிவ்' என்று பச்சை மையில் ஒரே வரி. ஹெபடைடிஸ் பி தொற்று இருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம், அது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. அம்மா அதை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துவிட்டு, மஞ்சள் காமாலைதான் போலிருக்கிறது என்று ஒரு மண்டலம் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார். கண் மஞ்சளாகவில்லை, பசி எடுத்தது, தறிக்குப் போனான். சரி, குணமாகிவிட்டது என்று இருந்துவிட்டோம். வலது விலாவுக்குக் கீழே வலி என்று ஸ்கேனுக்குப் போன அன்றுதான் அந்தச் சீட்டை மறுபடி எடுத்தோம். அதற்குள் கட்டி ரத்தக்குழாய்க்குள் புகுந்திருந்தது. ஐந்தாவது மாதம் போய்விட்டான்.

அப்புறம்தான் ஒரு மருத்துவர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். இந்த வைரஸ் கல்லீரலில் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். செல்கள் அழிவதும் புதிதாக முளைப்பதுமாக இருந்து கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும்; அதில் புற்று வரும். ஹெபடைடிஸ் சி பெரும்பாலும் இந்த வழியில்தான் புற்றாகிறது. பி வைரஸோ தன் மரபணுவை நம் செல்லின் மரபணுவுக்குள்ளேயே செருகிவிடுவதால், சுருங்காத கல்லீரலில்கூடப் புற்று வரலாம். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது உடம்பிலேயே தங்கிவிடும். வளர்ந்தபின் தொற்றுகிறவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூடத் தங்காது.

எங்களைப் பரிசோதித்தார்கள். அம்மாவுக்கு இருந்தது. எனக்கும் இருக்கிறது. 2013-ல் பிறந்த என் மகளுக்கு இல்லை. பிறந்த அன்றே போட்ட தடுப்பூசியும் அதற்கடுத்த தவணைகளும் அவளைக் காத்தன. அம்மா தினமும் வைரஸை அடக்கி வைக்கும் டெனோஃபோவிர் மாத்திரை ஒன்று சாப்பிடுகிறார். எனக்கு இப்போதைக்கு மாத்திரை தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். இதையே தம்பிக்கு அன்றைக்குச் செய்திருந்தால் கட்டியைச் சிறியதாக இருக்கும்போதே பிடித்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதை நினைக்காத நாள் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2022-ல் இந்தியாவில் சுமார் 2 கோடியே 98 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் பி இருந்தது. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். ஹெபடைடிஸ் சி பெரும்பாலோருக்கு மூன்று மாத மாத்திரையில் குணமாகிறது. இவ்வளவு இருந்தும், பாசிட்டிவ் என்று தெரிந்தவரின் வீட்டுக்கு யாரும் வருவதில்லை.

எங்கள் தெருவுக்கு மாதாமாதம் மக்களைத் தேடி மருத்துவம் அக்கா வருகிறார். அம்மாவுக்குப் பிரஷர் பார்த்து, சர்க்கரை மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். ரத்த வங்கியிலோ கர்ப்பகாலப் பரிசோதனையிலோ ஒருவருக்கு இந்தத் தொற்று தெரிந்தால், அந்த வீட்டுக்கு இந்த அக்காவையே அனுப்புங்கள். பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் எல்லோரையும் பரிசோதனைக்கு அழைத்து வரட்டும். ஹெபடைடிஸ் பி இல்லாதவருக்கு, வயது பார்க்காமல் மூன்று தவணை தடுப்பூசி இலவசமாகக் கிடைக்க வேண்டும். இருப்பவரை ஒரு பதிவேட்டில் சேர்த்து, ஸ்கேன் தேதிக்குப் போனில் நினைவூட்ட வேண்டும். அந்தப் பதிவேட்டின் பெயர்கள் வெளியே போகக் கூடாது. சேர்ந்து சாப்பிடுவதால் இது பரவாது என்று எவ்வளவு சொல்லியும், என் நாத்தனார் வீட்டில் எனக்குத் தனித் தட்டு வைத்திருக்கிறார்கள்.

தம்பியின் இரண்டு பையன்களுக்கும் பரிசோதனை முடிந்துவிட்டது, இருவருக்கும் தொற்று இல்லை. அவன் மனைவிக்கு மூன்றாவது தவணை ஊசி அடுத்த மாதம். எங்களுக்கு உட்கார வைத்துச் சொல்ல அந்த மருத்துவர் ஒருவர் இருந்தார். மற்ற குடும்பங்களுக்கும் அப்படி ஒருவர் வருவதற்கு ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: தம்பியின் ரத்தப் பரிசோதனைச் சீட்டு, ஸ்கேன் அறிக்கை, இறப்புச் சான்றிதழ் – நகல்கள்.