செசின்கோட் தமிழ்க் கையேடு: உங்க பங்கும் வேணும்ங்க

எல்லாருக்கும் வணக்கம். போன கோடையில நம்ம தமிழ் வகுப்புப் பிள்ளைங்கள பஸ் பிடிச்சு கிளாஸ்டர்ஷர்ல இருக்கிற செசின்கோட் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனோமே, அங்க பாலத்து மேல படுத்திருந்த நந்திங்கள பாத்துட்டு ஒரு வாண்டு "நந்தி இருக்கு, சிவன் எங்க?"ன்னு கேட்டுச்சு. பெரியவங்க ஒருத்தருக்கும் பதில் தெரியல, நானும் போனைத்தான் தடவிட்டு நின்னேன். அந்த வெக்கத்துல ஆரம்பிச்சதுதான், அந்தத் தோட்டத்தையும் அதுல இருக்கிற வீட்டையும் தமிழ்ல விளக்குற இந்தக் கையேடு.

1805 வாக்கில, கிழக்கிந்தியக் கம்பெனியில சம்பாதிச்சுட்டு ஊர் திரும்பின சார்லஸ் காக்கரெல் கட்டடக் கலைஞரான தன் அண்ணன் சாமுவேல் பீப்ஸ் காக்கரெல்ல வெச்சு கட்டின வீடு அது. அண்ணன் இந்தியா பக்கமே வந்ததில்ல, அவருக்கு யோசனை சொன்னது ஓவியர் தாமஸ் டேனியல், அவரு 1792-ல மதுரை, பாபநாசம் அருவின்னு நம்ம பக்கமெல்லாம் சுத்தி வரைஞ்சவரு. பாசிப்பச்சையா மாறின செம்புக் குவிமாடம், மயில்தோகை மாதிரி விரிஞ்ச ஜன்னல் வளைவு, அப்புறம் வெயிலே எட்டிப் பாக்காத ஊர்ல வெயிலுக்குன்னு நீட்டி விட்ட அகல இறவாரம்! ஆனா உள்ள போனா ஒரு இந்திய வாடையும் கிடையாது, சுத்தமா கிரேக்கச் சாயல் அடிச்ச அந்தக் காலத்து ஆங்கில வீடு, சட்டை மட்டும்தான் நம்மளது. கட்டின காசு எந்த ஊரு காசுன்னும் கையேட்டுல ஒரு பக்கம் வருது, அதை மறைக்கிறதா இல்ல. 1807-ல இளவரசர் ஜார்ஜ் வந்து பாத்துட்டுப் போனாரு, பிற்பாடு 1815-லேர்ந்து கட்டடக் கலைஞர் ஜான் நாஷ் அவருக்காக மாத்திக் கட்டின பிரைட்டன் மாளிகையிலயும் இதே ஜாடை.

அந்த வாண்டுக்கு பதில்? தோட்டத்துல கோயில் இருக்கு, ஆனா சூரியனுக்கு.

32 பக்கம், கோட்டோவியம் நம்ம பிள்ளைங்களே போடுறாங்க, எழுத்து வேலைக்கு யாரும் காசு வாங்கல. 300 பிரதி அச்சடிக்க 1,150 பவுண்டு கேக்குறாங்க, கையில இருக்கிறது 410. வீடு தனியார் சொத்து, அவங்களுக்கு இதுல ஒரு பென்னியும் போகாது, அவங்க கேக்கவும் இல்ல. அஞ்சோ பத்தோ முடிஞ்சத சனிக்கிழமை வகுப்பு முடிஞ்சு டீ டேபிள் பக்கம் இருக்கிற டப்பாவுல போடுங்க, ரசீது வேணும்னா பொருளாளர் அக்காகிட்ட கேளுங்க. காசு தோதுப்படலைன்னா பிழை திருத்த வாங்க, ழகரம் ளகரம் எங்கள படுத்துது.

கையேட்டுக் குழு