இட்லியில் ஒட்டியிருந்த தலைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் என் மனைவிக்குக் காய்ச்சல். சாயங்காலம் தெருமுனைக் கடையில் நாலு இட்லி கட்டி வாங்கி வந்தேன். பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே இலைத்துண்டு உள்ளங்கை அளவுதான் இருந்தது. இரண்டு இட்லி இலையில், இரண்டு இட்லி பேப்பரில். பேப்பரில் கிடந்ததைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்ற இட்லியின் அடியில் கறுப்பாக எழுத்து. இடம் வலமாகத் திரும்பியிருந்தது. 'மழைக்கு வாய்' என்பது வரை ஒன்றில், 'ப்பு' அடுத்த இட்லியில். எழுத்தின் அமைப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது தங்கள் நாளிதழின் தலைப்பெழுத்து.

திரும்பிய எழுத்தை அவ்வளவு சுலபமாக எப்படிப் படித்தாய் என்று கேட்பீர்கள். நான் கம்போசிட்டர், அச்சுக்கு எழுத்துக் கோக்கிறவன். 1975-ல், 16 வயதில், சிவகாசியில் ஒரு சின்ன அச்சகத்தில் சேர்ந்தேன். ஈய எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பித்தான் இருக்கும். அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஸ்டிக் என்கிற கைத்தட்டில் கோத்து, கோத்ததை அப்படியே படித்துப் பிழை பார்க்க வேண்டும். நேராக இருக்கும் எழுத்தைவிடத் திரும்பிய எழுத்தை நான் வேகமாகப் படிப்பேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அப்புறம் ஈய எழுத்து இல்லாமல் தகட்டிலிருந்து அடிக்கும் ஆஃப்செட் வந்தது, மெஷினுக்குப் போனேன். 2018-ல் வேலையை விட்டேன். ஆக, 43 வருஷம் மையோடு பழகியவன் என்ற முறையில்தான் இந்தக் கடிதம்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்கள் ஃபோர்மேன் எனக்குச் சொல்லித் தந்தது எழுத்துக் கோக்க அல்ல, கை கழுவ. மண்ணெண்ணெய் தொட்டுத் துடை, சோப்பு போட்டுக் கழுவு, நகத்தைக் காட்டு. காட்டினால்தான் தூக்குச்சட்டியைத் திறக்க விடுவார். ஈயமும் மையும் வயிற்றுக்குள் போகக்கூடாது என்பதில் அப்படி ஒரு கண்டிப்பு. அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அன்றைக்கு விரலில் இருந்ததைக்கூடச் சோற்றில் படவிடாமல் பார்த்துக்கொண்டோம். இன்றைக்குச் சோற்றையே அதன்மேல் கொட்டித் தருகிறார்கள்.

இப்போதைய அச்சில் ஈய எழுத்து கிடையாது, சரி. ஆனால் மை இருக்கிறதே. காலண்டரில் அடிக்கும் மை காய்ந்து, தாள்மேல் ஒரு படலமாக இறுகிவிடும். நாளிதழ் மை அப்படியில்லை. விடிவதற்குள் லட்சக்கணக்கில் அடித்து வண்டியில் ஏற்ற வேண்டும், காய வைக்க நேரம் ஏது? அதனால் தாளே குடித்துக்கொள்கிற மாதிரி அந்த மையைச் செய்கிறார்கள். கரித்தூளும் கனிம எண்ணெயும் சேர்ந்த சரக்கு அது. தாளுக்குள் இறங்கி இருக்குமே தவிர முழுசாகக் காயாது. காலையில் பேப்பர் படித்தால் கட்டைவிரல் கறுக்கிறதே, காரணம் அதுதான். வெறும் விரலுக்கே வருகிற மை, கொதிக்கிற எண்ணெயிலிருந்து எடுத்த வடைக்கு வராமல் இருக்குமா? எண்ணெயை எண்ணெய் இழுக்கும். மெஷினில் ரோலர் கழுவ நாங்கள் பயன்படுத்திய சூத்திரமே அது.

இதில் எனக்குப் பெரிய வேடிக்கை, வடையைப் பிழிந்து சாப்பிடுகிறவர்கள். டாக்டர் எண்ணெய் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்பார்கள். வடையை விட மனசு வராது. இரண்டு பேப்பருக்கு நடுவில் வைத்து உள்ளங்கையால் ஒரு அமுக்கு. பேப்பர் எண்ணெயைக் குடித்துவிட்டது என்று திருப்தியாகச் சாப்பிடுவார்கள். அச்சகத்தில் பிழை பார்க்க நாங்கள் புரூஃப் எடுப்பதும் இப்படித்தான் ஐயா, மையின்மேல் வைத்து ஒரு அமுக்கு.

மையை விட்டுத்தள்ளுங்கள். அந்தப் பேப்பர் எங்கிருந்து வருகிறது? எனக்குத் தெரியும். என் வீட்டிலிருந்து. பழைய பேப்பரைப் பரணில் போட்டு வைப்போம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சைக்கிளில் வருகிறவரிடம் போடுவோம். பல்லி எச்சம் அதில் இருக்கும், கரப்பான் குடித்தனம் நடத்தியிருக்கும். பேரன் ஷூ துடைத்த தாளும் அந்தக் கட்டில்தான் போகும். சில வாரம் முன்பு இரண்டு பஜ்ஜி வாங்கி நின்றபடியே தின்றுவிட்டுத் தாளைப் பார்க்கிறேன், தங்கள் ஞாயிறு இதழின் குறுக்கெழுத்துப் போட்டி, பாதி போட்டு விட்டது. கையெழுத்து என்னுடையது. இடமிருந்து வலம் 7-ஐத் தப்பாகப் போட்டிருக்கிறேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

இது சட்டத்துக்குத் தெரியாத விஷயமும் இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016 டிசம்பரிலேயே செய்தித்தாளில் உணவைக் கட்ட வேண்டாம் என்று அறிவுறுத்தியது. 2018-ஆம் ஆண்டின் பேக்கேஜிங் விதிமுறைகள் அதைத் தடையாகவே எழுதிவிட்டன. உணவை வைக்கவும் கூடாது, சுற்றவும் கூடாது. 2023 செப்டம்பரில் மறுபடியும் ஓர் எச்சரிக்கை. மையில் இருக்கும் ஈயம் போன்ற கன உலோகங்களையும், கைமாறும்போது ஒட்டும் கிருமிகளையும் அதில் சொல்லியிருந்தார்கள். மூன்று முறை சொல்லியாயிற்று. எங்கள் தெருமுனை வரை இன்னும் வந்து சேரவில்லை.

பிளாஸ்டிக் தாளை விரித்துக் கட்டுகிற கடைகளும் இருக்கின்றன. மேலே பிளாஸ்டிக், கீழே பேப்பர், நடுவில் கொதிக்கிற இட்லி. அந்தத் தாளும் 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை செய்த பட்டியலில் உள்ளதுதான். சோதனைக்கு ஆள் வரும் வாரம் பிளாஸ்டிக் காணாமல் போகும், பேப்பர் மட்டும் மிஞ்சும். அடுத்த வாரம் இரண்டும் ஜோடியாகத் திரும்பிவிடும்.

இட்லிக் கடைக்காரரிடம் கேட்டேன். நல்ல பிள்ளை, புருஷனும் பெண்டாட்டியுமாக விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மாவாட்டுகிறவர்கள்.

"தம்பி, இலையைக் கொஞ்சம் பெரிசாப் போடக்கூடாதா?"

"அண்ணாச்சி, முகூர்த்த நாள்ல இலை என்ன விலை விக்குதுன்னு தெரியுமா? ஒரு இட்லி விலையே இலைக்குப் போயிருது. இதுல நான் என்னத்தச் சம்பாதிக்க?"

"பேப்பர்ல மை இருக்கேப்பா."

"நீங்க தினம் கையில வச்சுப் படிக்கிற பேப்பர்தான அண்ணாச்சி, அதுல என்ன விஷமா இருக்கு?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 43 வருஷம் அந்த மையால் பிழைத்துச் சோறு தின்றவன்தானே நானும் என்று ஒரு நினைப்பு வந்து நின்றுவிட்டேன். மறுநாளிலிருந்து எனக்கு மட்டும் முழு இலை போட்டுத் தந்தார். 'பெரியவர் பொட்டலம்' என்று தனியாக எடுத்து வைத்தார். எனக்குப் பின்னால் நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பழையபடி பேப்பர். இதை வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் சொல்லும் விலைக் கணக்கை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் பக்கத்து ஊர்களைப் பார்க்கிறேன். விருதுநகரில் எண்ணெய்ப் புரோட்டா சாப்பிடப் போனால் இலையைப் போட்டு, அதில் புரோட்டாவைப் பிய்த்துப்போட்டுச் சால்னாவை ஊற்றுகிறார்கள். இலை இல்லாமல் அந்தப் புரோட்டாவை நினைத்துப் பார்க்கவே முடியாது. திருநெல்வேலியில் சூடான அல்வாவை இலைத் துண்டில் வைத்துக் கையில் கொடுக்கிறார்கள். நெய் வழிந்தாலும் இலையோடு போகும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். நான் வழக்கமாக வாங்கும் கடையில் பட்டர் பேப்பரை விரிக்காமல் கரண்டியைத் தொட மாட்டார்கள். சாத்தூர்ச் சேவை என் அப்பா ஓலைப் பெட்டியில்தான் வாங்கி வருவார். சேவு தீர்ந்தபின் அந்தப் பெட்டியில் அம்மா ஊசியும் பட்டனும் போட்டு வைப்பாள். வருஷக்கணக்கில் சேவு வாசம் போகாது. பட்டனில்கூடக் காரம் இருக்கும் என்று நாங்கள் நக்கிப் பார்ப்போம்.

பெரிய ஸ்வீட் கடைகளுக்கும் ஒரு வார்த்தை. பெட்டி என்னவோ பளபளவென்று இருக்கிறது. அந்தப் பெட்டிகளில் எத்தனையோ ஆயிரத்தை நானே அடித்திருக்கிறேன். டூப்ளெக்ஸ் அட்டை. வெளிப்பக்கம் வெள்ளைப் பூச்சு, உள்பக்கம் சாம்பல் நிறம். அந்தச் சாம்பல் பக்கம் கழிவுத் தாளை அரைத்துச் செய்தது, பழைய நாளிதழும் அதில் சேர்த்திதான். ஜாங்கிரியை நேராக அதன்மேல் அடுக்குகிறீர்கள். மறுநாள் பெட்டியைத் திறந்தால் அட்டை பாகை உறிஞ்சி ஊறிப்போய் நிற்கிறது. ஊறியது அட்டை மட்டும்தானா? ஒரு பட்டர் பேப்பர் என்ன விலை வந்துவிடும்? கிலோ கணக்கில் நெய்ப் பலகாரம் விற்கிறவர்களுக்கு அது ஒரு பொருட்டா? அந்த அட்டைப் பெட்டியையும் சேர்த்து நிறுத்து, அட்டைக்கும் மைசூர்பாகு விலை வாங்குகிற கதை தனி. அதற்கு இன்னொரு கடிதம் எழுதுவேன்.

ஊரெல்லாம் இருக்கும் கடைகளுக்குப் பெட்டியும் லேபிளும் அடித்து அனுப்புகிற சிவகாசியில், வடை வைக்கச் சுத்தமான ஒரு தாள் இல்லை. அச்சகங்களில் கட்டிங் போக மிஞ்சும் வெள்ளைத் துண்டுகளைக் கடைகளுக்குக் கொடுக்கலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். நல்ல மனசுதான், ஆனால் அதுவும் எழுத, அச்சடிக்கச் செய்த தாள். சாப்பாட்டுக்கென்று செய்ததில்லை. வேண்டாம் என்றேன். வாழையிலை, மந்தாரை இலை, இல்லாவிட்டால் வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பா. நான் இப்போது டப்பாவோடுதான் போகிறேன். முதல் நாள் கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் இன்னொருவர் தூக்குவாளியோடு வந்து நின்றார்.

தங்களிடம் ஒரு விண்ணப்பம். சட்டம் சொல்லிவிட்டது, அதிகாரிகள் அவ்வப்போது வருகிறார்கள், ஆனால் பேப்பரிடமே யாரும் கேட்கவில்லை. சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை போடுகிறார்கள் இல்லையா? தங்கள் நாளிதழின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரே ஒரு வரி போடுங்கள்: 'இந்தத் தாளில் உணவு வைக்க வேண்டாம்.' 10 பாயிண்ட் எழுத்தில் ஒரு பத்தி அகலத்துக்குள் அடங்கிவிடும், கோத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். தாங்கள் விளம்பரம் எதையும் இழக்க வேண்டியதில்லை. பொட்டலம் கட்டுகிறவர் கண்ணில் படும், பிரிக்கிறவர் கண்ணிலும் படும். யார் கண்ணிலும் படாவிட்டால் இட்லியிலாவது ஒட்டும். எனக்கு அது திரும்பி இருந்தாலும் பரவாயில்லை, மற்றவர்களுக்குத்தான் சிரமம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கம்போசிட்டர்,
சிவகாசி.