பறவைப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்றும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வாசகர்கள் எடுத்தனுப்பும் காட்டுயிர்ப் படங்களை விரும்பிப் பார்த்து வருபவர்களில் நானும் ஒருவன். அண்மையில் வெளியான நீலகிரி சோலைக்கிளியின் படம் நேர்த்தியாகவே இருந்தது. ஆனால், அது பாதையோர மண்மேட்டுப் பொந்தில் இருந்த கூட்டுக்கு மிக அருகிலிருந்து எடுக்கப்பட்ட படம் என்பதும், படக்குறிப்பில் அந்தச் சோலையின், அதாவது மலை உச்சிப் பள்ளத்தாக்கில் உள்ள பசுமைமாறாக் காட்டின், பெயரோடு அங்கே செல்லும் வழியும் அச்சாகியிருந்தது என்பதுமே இக்கடிதத்தை எழுதத் தூண்டின.

பெயரில் கிளி இருந்தாலும் இது கிளியினம் அன்று; குருவியைவிடச் சற்றே பெரிய, நீண்ட கால்களையுடைய, கருநீல நிறப் பாடும் பறவை. நீலகிரியையும் அதையொட்டி வடக்கே உள்ள சில உயர்ந்த மலைகளையும் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, ஆனைமலையிலும் பழனி மலையிலும் வாழ்வது வெண்வயிற்றுச் சோலைக்கிளி என்னும் வேறோர் இனம். மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் இவற்றைத் தனிப் பேரினமாகவே 2017ஆம் ஆண்டில் அறிவியலாளர்கள் வகைப்படுத்தினர். தேயிலைக்கும், சீகை, யூகலிப்டஸ் மரங்களுக்கும் இடம் கொடுத்து நூறாண்டுகளுக்கும் மேலாகச் சுருங்கிய சோலைக்காடுகளின் எஞ்சிய துண்டுகளில்தான் நீலகிரி இனம் இன்று பிழைத்திருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் வைத்துள்ளது.

இப்பறவையைப் படமெடுப்பது எளிதன்று. பகலிலும் இருண்டு கிடக்கும் புதர்களின் அடியில், தரையோடு தரையாகப் பூச்சி தேடித் திரியும் இது, விடியலிலும் அந்தி மயங்கும் நேரத்திலும்தான் பெரும்பாலும் பாதையோரத்துக்கு வரும். அந்த மங்கிய ஒளியில் கேமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ அளவை 3200க்கும் மேலே ஏற்றினாலும் ஷட்டர் வேகம் போதாது. பத்துப் படம் எடுத்தால் ஒன்பது கலங்கிப்போகும். ஓடையோரமாகத் தாழ உட்கார்ந்து, லென்ஸை முழங்காலில் தாங்கி, பறவை தானாக வெளியே வரும்வரை அசையாதிருப்பதே இதற்கு வழி. அப்படிக் காத்திருந்து வெறுங்கையோடு திரும்புவோரே அதிகம்.

இந்தப் பொறுமை இல்லாதவர்களுக்குக் குறுக்கு வழி ஒன்று கிடைத்துவிட்டது. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் இப்பறவையின் பாட்டொலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு, சிறிய புளூடூத் ஸ்பீக்கர் வழியாகச் சோலையின் ஓரத்தில் ஒலிக்க விடுகிறார்கள். தன் எல்லைக்குள் வேறோர் ஆண் நுழைந்துவிட்டதாக எண்ணும் பறவை, இரை தேடுவதை விட்டு, திறந்த கிளையில் வந்து நின்று எதிர்ப்பாட்டுப் பாடுகிறது. கேமராவுக்குக் கிடைக்கும் கம்பீரமான தோற்றம் பெரும்பாலும் இதுதான். ஒருவர் ஒரு முறை இப்படிச் செய்வதால் பறவை செத்துவிடாது என்று சிலர் வாதிடுவது சரியே. ஆய்வாளர்களும் கணக்கெடுப்புக்காக அனுமதி பெற்று, அளவோடு இம்முறையைக் கையாள்வதுண்டு. ஆனால், கார் நிறுத்த வசதியுள்ள சோலைகள் சிலவே இருப்பதால், அதே இணையின் எல்லைக்குள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து அதே ஒலியை எழுப்புகிறார்கள் என்பதை அந்த வாதம் மறைத்துவிடுகிறது. இல்லாத எதிரியோடு நாள்தோறும் மல்லுக்கு நிற்கும் பறவை எப்போது உண்ணும், எப்போது குஞ்சுக்கு ஊட்டும்?

காலமும் இப்பறவைக்கு ஒத்துழைப்பதில்லை. ஏப்ரல், மே மாதங்களில்தான் உதகைக்குக் கூட்டம் குவிகிறது. பறவை கூடு கட்டி முட்டையிடுவதும் அதே மாதங்களில்தான். உதகைக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸ் என்னும் இணையவழி அனுமதிச் சீட்டு வாகனங்களைக் கணக்கிடலாமே தவிர, சோலைக்குள் ஸ்பீக்கரோடு நுழைபவரைத் தடுத்து நிறுத்தாது. கூடு தெளிவாகத் தெரிய வேண்டும் என்று முன்னால் தொங்கும் பெரணியையும் பாசியையும் விலக்கிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பாம்புக்கும் கீரிக்கும் வழிகாட்டி வைப்பதற்கு ஒப்பான செயல் இது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் வரையறையில், பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதும் அடங்கும் என்பதைப் படமெடுப்போரில் பலர் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை.

வனத்துறையால் ஒவ்வொரு சோலைக்கும் காவல் வைக்க இயலாது. ஆனால், இத்தகைய படங்களுக்கு மதிப்பு ஏற்படுவது அவை அச்சாகும் இடத்திலும் பரிசு பெறும் இடத்திலும்தான் என்பதால், தங்களைப் போன்ற இதழ்களால் செய்யக்கூடியது நிறைய உண்டு. படம் அனுப்புபவரிடம், பதிவுசெய்த ஒலியைப் பயன்படுத்தினாரா, கூட்டருகே எடுத்தாரா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ஆம் என்றால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள். பொய் சொல்பவர்களும் இருப்பார்கள்தான். ஆயினும், கூட்டுப் படங்களைக் கண்டுபிடிக்கப் பெரிய நிபுணத்துவம் தேவையில்லை. வெளியிடும் படங்களின் கீழே மலையின் பெயரோடு நிறுத்திக்கொண்டு, சோலையின் பெயரையும் வழியையும் தவிர்க்குமாறும், ஏற்கெனவே வெளியான இப்படத்தின் குறிப்பிலிருந்து அந்த வரியை இணையப் பதிப்பில் நீக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோத்தகிரி.