சேகருக்கு, ஒரு டப்ளின் கதையோடு

அன்புள்ள சேகர்,

மார்கழியில் நீ போட்ட கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். என்ன திட்ட வேண்டுமோ திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். மாலதிக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

நேற்று ராஜு போன் பண்ணினான். சங்கத் தேர்தலில் நீ 3 ஓட்டில் தோற்றாயாம். 18 வருஷம் மினிட்ஸ் நோட்டும் கையுமாக அலைந்தவன், இப்போது வாசல் பக்கமே வருவதில்லை என்றான். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தாமஸ் ஜான்சன்தான் நினைவுக்கு வந்தார். அவர் கதையை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

லிவர்பூலில் பிறந்தவர், அயர்லாந்துத் தொழிற்கட்சியின் தலைவர். 1922இலிருந்து, குடியரசுவாதிகளின் தலைவர் டி வலேராவின் ஆட்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டோம் என்று டப்ளினில் இருந்த அயர்லாந்து நாடாளுமன்ற சபைக்கே வரவில்லை. காலியாகக் கிடந்த எதிர்க்கட்சி வரிசையில் சின்னக் கட்சியை வைத்துக்கொண்டு 5 வருஷம் அரசைக் கேள்வி கேட்டவர் இவர்தான். யாரும் பார்க்காத வேலை. உனக்குத் தெரியாததா!

1927 ஜூன் தேர்தலில் மொத்தம் 153 இடம். ஆளும் காஸ்கிரேவ் கட்சிக்கு 47, டி வலேராவின் ஃபியன்னா ஃபாலுக்கு 44, தொழிற்கட்சிக்கு 22, ரெட்மண்டின் தேசிய லீக்குக்கு 8. மீதி விவசாயிகள், சுயேச்சைகள், இன்னும் சிலர். யாருக்கும் பெரும்பான்மை இல்லை. ஜூலை 10 அன்று, பூசைக்கு நடந்து போய்க்கொண்டிருந்த அரசின் துணைத் தலைவர் கெவின் ஓ'ஹிகின்ஸைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். சபைக்கு வராதவன் தேர்தலில் நிற்கவே முடியாது என்று அரசு சட்டம் கொண்டுவந்தது. ஆகஸ்டில் டி வலேரா பைபிளைத் தூரத் தள்ளி வைத்துவிட்டு, பிரமாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே வந்தார். கணக்கே மாறிவிட்டது.

ஆகஸ்ட் 16. ஜான்சன் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். ஜெயித்தால் தேசிய லீக்கோடு கூட்டு மந்திரிசபை, டி வலேரா வெளியிலிருந்து ஆதரவு, அரசின் தலைவர் ஜான்சன். ஓட்டு எண்ணினால் 71க்கு 71! சபாநாயகர் மைக்கேல் ஹேஸ் தன் ஓட்டை அரசுக்குப் போட்டார். கதை முடிந்தது.

தேசிய லீக்கின் ஜான் ஜிங்ஸ் ஓட்டெடுப்பு நேரத்தில் சபையில் இல்லை. ஊரான ஸ்லைகோவுக்கு ரயில் ஏறிவிட்டார். ஊற்றிக் கொடுத்து அனுப்பினார்கள் என்று ஒரு கதை உண்டு. அவர் பேரை ஒரு பந்தயக் குதிரைக்கு வைத்து, அது 1929இல் நியூமார்க்கெட்டில் ஜெயித்தும்விட்டது. எல்லாரும் இதைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜான்சனின் சொந்தக் கட்சிக்காரர் ஓ'கானெல் அன்றைக்குக் கனடாவில் இருந்தார். அந்த ஒருவர் வந்திருந்தாலே போதுமே!

காஸ்கிரேவ் சில நாளிலேயே சபையைக் கலைத்தார். செப்டம்பர் தேர்தலில் அவருக்கு 62, டி வலேராவுக்கு 57. தொழிற்கட்சி 22இலிருந்து 13 ஆனது. ஜான்சன் தன் தொகுதியிலேயே தோற்றார். தலைமை நாற்காலிக்கு ஒரு ஓட்டு தூரத்தில் நின்ற மனுஷனுக்கு ஒரு மாதத்தில் சபையில் உட்கார இடமில்லை. ஐந்து வருஷம் அவர் கேட்ட கேள்விகளை ஓட்டுப் போட்டவர்கள் நினைத்துப் பார்த்தார்களா சேகர்? எனக்கு ஆறவே இல்லை.

ஆனால் அவர் வீட்டுக்குள் அடைந்துகொள்ளவில்லை. மறு வருஷமே செனட்டுக்குப் போனார். 1936இல் செனட்டையே ஒழிக்கும் வரை அங்கே இருந்தார்.

அப்புறம் ஒரு விஷயம். பழைய மினிட்ஸ் நோட்டுகளைப் புதுச் செயலாளரிடம் கொடுத்துவிட்டாயா? கொடுக்கிறதற்கு முன்னால் அந்த வேலைநிறுத்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வை. ஆவணி பிறந்ததும் வருகிறேன், உட்கார்ந்து படிக்கலாம். பஸ் ஸ்டாண்டுக்கு நீயே வர வேண்டும், பையனை அனுப்பாதே.

உன்,
மூர்த்தி