மெகாபிட் வேறு, மெகாபைட் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு இணைய இணைப்பு பற்றித் தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வெளியான விளக்கக் கட்டுரையை, பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் 20 ஆண்டுகளுக்கும் மேலாகக் கேபிள் வேலை செய்து வருபவன் என்ற முறையில் ஆர்வத்துடன் படித்தேன். எங்கள் பக்கம் விண்ணப்பமும் பில்லும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோதான் வருகின்றன. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பெரியவர்கள் அவற்றில் வரும் சொற்களின் பொருளை அறியத் தமிழ்ப் பத்திரிகைகளையே நம்பியிருப்பதால், அக்கட்டுரையில் உள்ள ஒரு பிழையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இணைப்பின் வேகத்தை ‘100 எம்.பி.’ என்றும், தரவிறக்கும் படத்தின் அளவை ‘700 எம்.பி.’ என்றும் ஒரே சுருக்கத்தால் குறித்துவிட்டு, அந்தப் படம் 7 நொடியில் இறங்கிவிடும் என்று கட்டுரை கணக்கிட்டிருந்தது. வேகத்தை அளப்பது மெகாபிட். கோப்பை அளப்பது மெகாபைட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் வரும். அந்தப் படம் இறங்க 56 நொடியாவது ஆகும். ஆங்கிலத்தில் பிட்டுக்குச் சிறிய எழுத்தும் பைட்டுக்குப் பெரிய எழுத்தும் போட்டு வேறுபடுத்துகிறார்கள். தமிழ் எழுத்தில் அந்தப் பாகுபாடு கிடையாது. அதிலும் ‘நொடிக்கு மெகாபிட்’ என்பதன் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால், மருத்துவப் பட்டமான எம்.பி.பி.எஸ். என்பதிலிருந்து ஓர் எழுத்துகூட மாறுவதில்லை.

இது வெறும் எழுத்துச் சிக்கல் அன்று. மூன்று நாள்களுக்கு முன் வேலந்தாவளம் சாலையில் உள்ள ஒரு வீட்டுக்குப் புகாரின்பேரில் சென்றிருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியரான அந்த ஐயா, கைப்பேசியில் நொடிக்கு 12 என்று ஓடிக்கொண்டிருந்த எண்ணைக் காட்டி, “நூறுன்னு சொல்லிக் காசு வாங்கிட்டுப் பன்னெண்டு குடுக்கறீங்களே தம்பி, இது நாயமுங்களா?” என்று மனம் நொந்து கேட்டார். அவருடைய இணைப்பில் எந்தக் குறையும் இல்லை. காகிதத்தில் நூறை எட்டால் வகுத்துக் காட்டிய பிறகுதான் சமாதானம் அடைந்தார்.

கட்டுரை தொடாமல் விட்ட இன்னொன்று, ஒளியிழைப் (ஃபைபர்) பெட்டியில் எரியும் சிவப்பு விளக்கு. அதனருகே ஆங்கிலத்தில் ‘எல்.ஓ.எஸ்.’ என்று இருக்கும். ‘லாஸ்’ என்று மக்கள் படிக்கும் அந்த மூன்றெழுத்துக்கு, ஒளி வந்து சேரவில்லை என்பதே பொருள். அண்மையில் ஓர் அம்மா வீட்டில், உபரியாக இருந்த ஒளியிழை வயரை இறுக்கிச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தார்கள். வெளி உறையை நீக்கினால் உள்ளே இருப்பது தலைமுடி அளவே தடிமனுள்ள கண்ணாடி. அதன் நடுவில் ஒளி செல்லும் பாதையின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இறுக்கி வளைத்தால், இழை ஒடியாமலேயே ஒளி வளைவில் கசிந்துவிடும். ஒளியின் வலிமையை அளக்கும் பவர் மீட்டரில் மைனஸ் 31 காட்டியது. சுருளைத் தளர்த்தி அகலமாக விட்டதும் மைனஸ் 19 ஆயிற்று, சிவப்பு விளக்கும் அணைந்தது. மைனஸ் கணக்கு என்பதால், மைனஸுக்குப் பின் வரும் எண் சிறியதாக இருந்தால்தான் ஒளி அதிகம் என்று பொருள். அந்த எண் 3 கூடினால், அதாவது 3 டெசிபல் இழப்பு ஏற்பட்டால், ஒளி பாதியாகிவிடும். இங்கே வித்தியாசம் 12, அதாவது நான்கு முறை பாதி. ஆக, அந்த ஒரு சுருளால் ஒளி ஏறத்தாழ 16-இல் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. இரண்டு நாள்கள் உதவி மையத்தை அழைத்தபோதெல்லாம் ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னார்களே தவிர, வயரைப் பாருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

வைஃபை என்பது வீட்டுக்குள் ரூட்டரிலிருந்து கைப்பேசி வரையிலான தொடர்பு மட்டுமே என்பதையும் கட்டுரை தெளிவாக்கியிருக்கலாம்.

கலைச்சொற்களைத் தமிழில் எழுதுவதை நான் மனமார வரவேற்கிறேன். ‘ஒளியிழை’ என்றால் வாடிக்கையாளர்கள் உடனே புரிந்துகொள்கிறார்கள். ‘திசைவி’ என்றால் ரூட்டர்தான் என்று விளக்க வேண்டியிருக்கிறது. ஆகவே பழக்கத்தில் உள்ள சொல்லையும் உடன் தர வேண்டுகிறேன். ஆனால் மெகாபிட், மெகாபைட் என்ற இரண்டையும் எந்த இடத்திலும் சுருக்காமல் முழுமையாக அச்சிட வேண்டும் என்பதே என் முதன்மையான கோரிக்கை.

அந்த ஆசிரியர் ஐயா தங்கள் கட்டுரையைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார். 7 நொடி என்ற வரியின் கீழ்ச் சிவப்புக் கோடிட்டுத்தான் என்னிடம் காட்டினார். திருத்தம் வெளிவந்தால் அதையும் பக்கத்திலேயே ஒட்டி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
கேபிள் பணியாளர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.